பீடிப் புகை வந்த பக்கம்

செஞ்சியிலிருந்து மேல்மலையனூர் போகும் அமாவாசை பஸ்ஸில்தான் அந்த அம்மாளைப் பார்ப்பேன். ஒட்டிய கன்னம், தோடில்லாத காது, மடியில் ஒரு மஞ்சள் பை. பஸ்ஸில் யாராவது பீடி பற்றவைத்தால் போதும், இருந்த இடத்தை விட்டு எழுந்துபோய், பற்றவைத்தவருக்குப் பின் சீட்டில் உட்கார்ந்துகொள்வார். அப்புறம் இறங்கும்வரை இருமுவார். ஓசிப் பீடிக்கு அலைகிறார் என்று எல்லோரும் சிரிப்பார்கள்.

1960-களில் ஒருநாள், நான் பற்றவைத்தபோது என் பின்னால் வந்து உட்கார்ந்தார். திரும்பி, ஒரு பீடியை நீட்டி, "வேணுமாம்மா?" என்றேன்.

"ஐயே, நான் குடிக்கறதில்ல தம்பி. எங்க வூட்டுக்காரர் மேல இந்த வாசனதான் வீசும்."

"அவர் வரலையா?"

"இருமி இருமியே போய்ட்டாரு. பீடியாலதான் நெஞ்சு கெட்டுப்போச்சுன்னு டாக்டர் சொன்னாரு."

பதறிப்போய்ப் பீடியை எறிய ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினேன்.

"எறியாத தம்பி. அவருதுன்னு எனக்கு வேற இன்னா இருக்குது?"

கையை உள்ளே இழுத்துக்கொண்டேன். ஜன்னல் காற்றில் கனன்று விரலைச் சுடும்வரை பீடி கையிலேயே இருந்தது. இழுக்கவும் மனம் வரவில்லை, எறியவும் மனம் வரவில்லை. பின்னால் அவர் இருமலுக்கு நடுவே ஆசையாக மூச்சை இழுப்பது கேட்டுக்கொண்டே இருந்தது.