ஜன்னலுக்கு வெளியே நின்ற சித்திக்கு

எங்கள் அம்மா திருவேங்கடத்தில் பிறந்து, கீழப்பாவூருக்கு வாழ்க்கைப்பட்டவர்கள். அப்பா காலமான பின் தையல் தைத்து என்னைப் படிக்க வைத்தார்கள். கடைசிவரை என்னோடு தென்காசியில் இருந்தார்கள். குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் எங்கள் வீடு சத்திரம்தான். அருவியில் குளித்துவிட்டு ஈரத்துணியோடு வரும் எந்த உறவினரையும் அம்மா சாப்பிடாமல் அனுப்பியதில்லை. அந்த வீட்டின் கேட்டைப் பூட்டியவன் நான்.

அம்மாவின் கல்லீரல் பழுதானபோது, முகம் தெரியாத ஒரு குடும்பம் தங்கள் துக்கத்திலும் தந்த கல்லீரல் பொருத்தப்பட்டது. ஆபரேஷன் முடிந்து அம்மா நடந்தே வீட்டுக்குள் வந்தார்கள். “கிருமி அண்டாம பாத்துக்கோங்க” என்று டாக்டர் சொன்னதிலிருந்து எனக்கு ஒரே பயம். தெருவில் யார் இருமினாலும் பயம். பார்க்க வந்தவர்களிடம், “அம்மா தூங்குதாங்க” என்று கேட்டுக்கு உள்ளே நின்றே சொல்லி அனுப்பினேன்.

“ஏலே, வந்தவங்களுக்குத் தண்ணியாவது குடுத்தியா?” என்பார்கள் அம்மா.

“குடுத்தேம்மா” என்பேன். கொடுத்திருக்க மாட்டேன்.

சிவகிரியில் இருக்கும் சித்தி அம்மாவின் ஒரே தங்கை. ஒருநாள் பின்வாசல் வழியாக வந்து அம்மாவுக்குத் தலைவாரிக்கொண்டிருந்தார்கள். நான் நுழையவும் சித்தி தும்மவும் சரியாக இருந்தது. “எங்கம்மாவைக் கொல்லவா வந்திய?” என்று கத்திவிட்டேன். சித்தி சீப்பை வைத்துவிட்டு வந்த வழியே போய்விட்டார்கள்.

அடுத்த மாதம் அம்மாவுக்குக் கால் வீங்கியது. செருப்பு நுழையவில்லை. ரத்தப் பரிசோதனையில், கிட்னி பாதிப்பைக் காட்டும் கிரியாட்டினின் ஏறியிருந்தது. சித்தியால்தான் என்று உறவினர்களுக்கெல்லாம் போன் செய்து சொன்னேன். டாக்டரோ, “தும்மலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. கல்லீரலைக் காப்பாத்துற மாத்திரையே நாளடைவில கிட்னியைப் பாதிக்கும்” என்றார். மாத்திரையைக் குறைத்தால் கல்லீரல் போய்விடுமோ, குறைக்காவிட்டால் கிட்னி போய்விடுமோ என்று டாக்டரைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். டாக்டர் பார்த்துப் பார்த்துத்தான் குறைத்தார். தினமும் அம்மாவின் சிறுநீரை அளந்து எழுதுவேன். அளவு குறையக் குறைய மறுபடி மறுபடி அளப்பேன். சித்தியைப் பற்றிச் சொன்னதைத் திருத்த மட்டும் வாய் வரவில்லை.

கிட்னி செயலிழந்து டயாலிசிஸ் தொடங்கிய பின் அம்மா ஒருநாள், “எதுக்குலே இப்படிப் பயந்து சாவுத? என் தங்கச்சியக் கூப்பிடு. நான் அவளப் பாக்கணும்” என்றார்கள்.

கூப்பிட்டதும் சித்தி வந்தார்கள். கேட்டைத் திறந்து, “உள்ள வாங்க சித்தி. உங்களால ஒண்ணும் ஆகலன்னு டாக்டரே சொல்லிட்டாரு” என்றேன்.

“இருக்கட்டும்யா. நான் இங்கனயே நின்னு பேசுதேன். அக்காவுக்கு ஏதாவது ஆயிட்டுன்னா என்னால தாங்க முடியாது.”

முகக்கவசத்தோடு ஜன்னலுக்கு வெளியே, சாரலில் நின்றார்கள். அம்மா கட்டிலில் இருந்தபடி கையை நீட்டினார்கள். சித்தி தன் கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டார்கள். அந்த வாரமே அம்மா போய்விட்டார்கள்.

கல்லீரல் தந்த குடும்பத்துக்கும், டயாலிசிஸ் பிரிவின் செவிலியர்களுக்கும், கூப்பிட்ட நேரமெல்லாம் வந்த ஆட்டோக்கார அண்ணாச்சிக்கும் எங்கள் நன்றி. கேட்டோடு திரும்பிப் போன உறவினர்களே, என்னை மன்னியுங்கள்.

சித்தி, டாக்டர் சொன்னதை எல்லோரும் படிக்கும்படி அம்மாவின் இந்த நினைவு மலரில் அச்சிட்டிருக்கிறேன். முதல் பிரதியை உங்களுக்கே அனுப்புகிறேன். ஆண்டு நினைவு நாளன்று முன்வாசல் வழியாக வாருங்கள். சளி பிடித்திருந்தாலும் வாருங்கள்.

– மகன்