குளிக்கப் போறேன், குழாயைத் தொறக்காத!

எண்பதுகளின் நடுவில் மதுரையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில், இரண்டாவது மாடியில் குடியிருந்தோம். அந்தக் கட்டடத்தில் முதன்முதலாகக் கீசர் வாங்கியவன் நான்தான். வெந்நீருக்கு ஒரு குழாய், பச்சைத் தண்ணீருக்கு ஒரு குழாய். இரண்டையும் திறந்தால் தண்ணீர் கலந்து இதமாக ஷவரில் கொட்ட வேண்டும். எங்கள் வீட்டிலோ வெந்நீர் ஜோராக வந்தது, பச்சைத் தண்ணீர் நூலாக இழுத்தது. சமையலறையில் என் மனைவி குழாயைத் திறந்தால் அந்த நூலும் அறுந்து, குளிப்பவர் தலையில் வெறும் வெந்நீர் இறங்கும்.

அதனால் "குளிக்கப் போறேன், குழாயைத் தொறக்காத!" என்று கத்திவிட்டுத்தான் குளியலறைக் கதவைச் சாத்துவோம். ஒருநாள் லீவில் சற்றுத் தாமதமாக எழுந்தேன். எதிர்வீட்டுக்காரர் கதவைத் தட்டி, "சார், சத்தத்தையே காணோம். உடம்புக்கு முடியலையா?" என்று விசாரித்தார்.

நானும் சும்மா இருக்கவில்லை. மொட்டைமாடிக்கு ஏறித் தொட்டியைப் பார்த்தேன், நிறைந்திருந்தது. இரண்டு குழாய்க்கும் கீழே தலா ஒரு வாளி வைத்துத் திறந்தேன். வெந்நீர் வாளி வழிந்தபோது பச்சைத் தண்ணீர் வாளியில் அடி நனைந்திருந்தது. கட்டடம் கட்டியவன் சரியில்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் என் மைத்துனன் மேலூரிலிருந்து வந்தான். திருமங்கலத்தில் அவனுக்குப் பெண் பார்க்கப் போக வேண்டும். வெள்ளை வேட்டி சட்டையைத் தேய்த்துக் கட்டிலில் விரித்துவிட்டுக் குளிக்கப் போனான். கத்த வேண்டும் என்று அவனிடம் சொல்ல நாங்கள் இருவருமே மறந்துவிட்டோம். மனைவி அரிசி களையக் குழாயைத் திறந்தாள்.

"அய்யய்யோ அக்கா!"

முகமெல்லாம் சோப்பு நுரையோடு, இடுப்பில் துண்டோடு அவன் கூடத்தில் வந்து குதித்தான்.

"மச்சான், குளிக்கச் சொன்னீகளா, அவியச் சொன்னீகளா?"

நல்லவேளை, கொப்புளம் இல்லை. ஆனால் முகம் தக்காளியாய்ச் சிவந்துவிட்டது. தேங்காய் எண்ணெயைத் தடவி, அப்படியே அவனைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினோம். பெண் வீட்டில் எல்லோரும் அவன் முகத்தையே பார்த்தார்கள். கடைசியில் பெண்ணின் அம்மா என் மனைவி காதில், "இம்புட்டுக் கூச்சப்படுற புள்ளைய நான் பாத்ததே இல்லத்தா" என்றார். அன்றைக்கே சம்மதம் சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் மனைவி என்னைக் கேட்காமலே பிளம்பரைக் கூட்டி வந்தாள். அவர் வாளி எதுவும் வைக்கவில்லை. குளியலறையின் பச்சைத் தண்ணீர்க் குழாயை மட்டும் கழற்றி, உள்ளே குறடை விட்டு எதையோ இழுத்தார். நீல நிறத்தில், வட்டம் என்றும் சொல்ல முடியாமல் சதுரம் என்றும் சொல்ல முடியாமல் ஒரு ரப்பர் துண்டு வந்தது.

"சார், இது வாசரே இல்ல. யாரோ செருப்ப வெட்டி வச்சிருக்காக. தண்ணி வேகமா வந்தா கொஞ்சம் தூக்கிக்கிரும். அடுப்படியில தொறந்து வேகம் கொறஞ்சா, அப்படியே உக்காந்து அடைச்சுக்கிரும். எந்தக் கூறுகெட்ட பய செஞ்சான்?"

நான் ஜன்னல் வழியே வெளியே பார்த்தேன். சில மாதங்களுக்கு முன் அந்தக் குழாய் சொட்டியபோது, பிளம்பர் எதற்கு என்று என் பழைய ஹவாய் செருப்பைக் கத்தரித்து நானே பொருத்தியிருந்தேன். அந்தப் பெருமையை ஆபீஸில்கூடச் சொல்லியிருந்தேன்.

"எங்களுக்கு முந்தி குடியிருந்தவுக வேலையா இருக்கும்ணே" என்றாள் மனைவி, என்னைப் பார்க்காமல். எங்களுக்கு முன் அந்த வீட்டில் யாரும் குடியிருந்ததில்லை.

பிளம்பர் புது வாசர் போட்டுவிட்டுப் போனார். சோதித்துப் பார்க்க நானே முதலில் குளித்தேன். இதமான தண்ணீர், நின்று நிதானமாகக் கொட்டியது. சமையலறையில் அவள் குழாயைத் திறப்பதும் மூடுவதுமாக ஏழெட்டு முறை சத்தம் கேட்டது. சோதிக்கத்தான் அப்படிச் செய்தாளா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.