தம்பியின் ரத்தத்தில் இல்லாத புரதம்

போன கார்த்திகையில் என் தம்பி சாமுவேலின் கைகள் நடுங்கத் தொடங்கின. விளாத்திகுளம் பக்கம் எங்கள் மிளகாய்க் காட்டில் களையெடுக்கும் நேரம். ஒரு வரிசை முடிப்பதற்குள் வரப்பில் உட்கார்ந்துவிட்டான். “எக்கா, நெஞ்சுக்குள்ள மோட்டாரு ஓடுத மாதிரி இருக்குக்கா” என்றான்.

முந்தைய வருடம் சோர்வுக்காகப் பார்த்தபோது அவனுக்குத் தைராய்டு ஹார்மோன் குறைவு என்று வந்தது. மாத்திரை தொடங்கினார்கள். அளவு தேறவில்லை. மாத்திரையைக் கூட்டினார்கள். மறுபடியும் குறைவு, மறுபடியும் கூட்டினார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது அவன் இதயம் தாறுமாறாகத் துடித்தது. தைராய்டை இயக்கும் சுரப்பி தலைக்குள் இருக்கிறது, அதில் கட்டி இருக்கலாம் என்றும் சொன்னார்கள். ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

நான் கோவில்பட்டியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். ஜெபத்தையும் வரிசைப்படுத்தித்தான் செய்வேன். அவன் மூச்சு, தூக்கம், துடிப்பு, ஸ்கேன். அந்த வாரம் வரிசை வரவில்லை. “ஆண்டவரே, அவன் சாகக் கூடாது” என்பது மட்டும்தான் வந்தது. பதில் வரும் என்ற நம்பிக்கையும் இல்லை.

மறுநாள் எங்கள் கூடத்துக்குப் புதிய தைராய்டு பரிசோதனைக் கிட் வந்தது. நோயாளிகளுக்குப் போடும் முன் எங்கள் ரத்தத்தில் சோதித்துப் பார்ப்பது வழக்கம். நான் கையை நீட்டினேன். உடன் வேலை செய்யும் செல்வியக்கா சிரித்தார்.

“ஏட்டி, கைய மடக்கு. ஒன் ரத்தத்த வச்சா நல்ல கிட்டும் கெட்டதுன்னு ஆயிரும். எப்பமும் ஒனக்குக் கொறச்சலாத்தான வருது?”

“எனக்கு ஒண்ணுமில்லையேக்கா.”

“அதான் சொல்லுதேன். நீ குதிரையாட்டம் ஓடுத. மிஷினு ஒன்ன நோயாளிங்குது!”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கும் குறைவு, மாத்திரை இல்லை, நன்றாக இருக்கிறேன். தம்பிக்கும் குறைவு, மாத்திரை உண்டு, சாகக் கிடக்கிறான்.

படித்தது நினைவுக்கு வந்தது. தைராய்டு ஹார்மோனின் பெரும்பகுதியை ரத்தத்தில் ஒரு புரதம் சுமந்து செல்கிறது. அவனுக்கும் எனக்கும் செய்த பரிசோதனை சுமக்கப்படுவதையும் சேர்த்து அளப்பது. புரதம் குறைந்தால் மொத்த அளவும் குறையும். ஆனால் உடலுக்கு வேலை செய்யும் ஹார்மோன் போதுமானதாகவே இருக்கும். தம்பியைப் பார்க்கும் டாக்டரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். “ரெண்டு பேர் ரத்தத்தையும் அனுப்புவோம்மா. அதுவரை மாத்திரை வேண்டாம்” என்றார்.

சென்னையிலிருந்து முடிவு வந்தது. எனக்கு அந்தப் புரதம் பாதிதான். தம்பிக்கு ஏறக்குறைய இல்லவே இல்லை. பிறவியிலேயே அப்படி. ஸ்கேனில் கட்டியும் இல்லை. அவனுக்குத் தைராய்டு நோயே இருந்ததில்லை. தேவையில்லாத மருந்துதான் இதயத்தைக் கெடுத்திருந்தது.

அவன் பிழைத்தான். இதயம் முழுதாகத் தேறவில்லை. இனிக் காட்டு வேலை செய்ய முடியாது. “எக்கா, இனி ஒங்க சம்பளத்துலதான் சோறு” என்று சிரிக்கிறான். நான் திரும்பிக்கொள்கிறேன்.

இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். டாக்டரிடம் கேளுங்கள். ஆண்டவரிடமும் கேளுங்கள். எனக்கு அவர் செல்வியக்காவின் கேலிப் பேச்சு வழியாகப் பதில் தந்தார். இப்போது யார் என்ன சொன்னாலும் நின்று கேட்கிறேன்.

ஆராதனையில் எல்லோரும் எழுந்து பாடும்போது தம்பியால் நிற்க முடியாது. நானும் அவனோடு உட்கார்ந்தே பாடுகிறேன். நிற்கத் தெம்பில்லாதவர்கள் வாருங்கள். எங்கள் பெஞ்சில் இடம் இருக்கிறது.