பதுங்கு குழிக்குள் இருந்த கடல்

எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரத்துச் சண்டைகள் பெரும்பாலும் கடலைப் பற்றியவை. வீடு சாந்தோமில், மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த சின்னத் தெருவில். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். அக்கா பெண்கள் பள்ளியொன்றில் சரித்திரம் எடுத்தாள். நான் நிலவியலில் ஆனர்ஸ் முடித்துவிட்டு, படித்த கல்லூரியிலேயே டெமான்ஸ்ட்ரேட்டராகச் சேர்ந்திருந்தேன். கல்லையும் மண்ணையும் பற்றிப் பேச எனக்குச் சம்பளம், மன்னர்களைப் பற்றிப் பேச அக்காவுக்குச் சம்பளம். மேஜைக்கு வந்தால் இரண்டு பேரும் இனாமாகப் பேசுவோம்.

பழைய மயிலாப்பூர் கடலுக்குள் போய்விட்டது என்பது அக்காவின் கட்சி.

"கோயிலும் போச்சு, வீடுங்களும் போச்சு. நொச்சிக்குப்பத்துலேருந்து மீன் கொண்டாறாங்களே, அந்தம்மாவைக் கேளு. அவங்க வீட்டு ஆம்பளைங்க வலை இன்னைக்கும் அங்க கல்லுல மாட்டிக் கிழியுது. வெட்டின கல்லாம்."

"கடலுக்குள்ள கல்லு இல்லாமலா இருக்கும்? கடல் உள்ள வரலைக்கா. வெளியே போயிருக்கு. லஸ் பக்கம் கிணறு வெட்டினா கிளிஞ்சல் வருது. ஒரு காலத்துல அங்க வரைக்கும் உப்புத் தண்ணி இருந்திருக்கு."

"கிளிஞ்சலை யாராவது சுண்ணாம்பு காய்ச்சக் கொண்டுவந்து கொட்டியிருப்பாங்க."

இப்படியே போகும். போர்ச்சுக்கீசியப் பறங்கிக்காரர்கள் வந்த காலத்தில் பழைய கோயிலில் எதைக் கடல் கொண்டது, எதை மனிதர்கள் இடித்தார்கள் என்ற பேச்சு வந்துவிட்டால் மட்டும் அப்பா ரசத்தை இன்னொரு கரண்டி கேட்பார். அந்தக் காலத்திலிருந்தே ஞானஸ்நானம் பெற்றுவந்த குடும்பம் எங்களுடையது. அம்மா ரசம் ஊற்றுவாள், பேச்சு மாறும்.

என் கட்சியை நிரூபிக்க எனக்கு ஒரு வழிதான் இருந்தது, தோண்டிப் பார்ப்பது. மயிலாப்பூரில் யார் வீட்டுக் கொல்லையில் போய், "உங்கள் கடந்த காலத்தைப் பார்க்க வேண்டும், கொஞ்சம் தோண்டிக்கொள்கிறேன்" என்று கேட்பது? கிணறு வெட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்ட இடத்துக்கெல்லாம் சைக்கிளில் ஓடினேன். நான் போய்ச் சேர்வதற்குள் உறை இறக்கி மூடிவிட்டிருப்பார்கள்.

நாற்பத்திரண்டாம் வருஷம் ஊரே எனக்காகத் தோண்டத் தொடங்கியது.

ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று சென்னை காலியாகிக்கொண்டிருந்தது. வண்டி வண்டியாக அண்டா குண்டானும் படுக்கையும் எழும்பூருக்குப் போயின. அம்மா தங்கைகளைக் கூட்டிக்கொண்டு திருச்சிக்கு, தன் அண்ணன் வீட்டுக்குப் போனாள். தியாகராய நகரில் தெருத் தெருவாக வீடுகள் பூட்டிக் கிடந்தன. போகாமல் மிஞ்சியவர்களுக்குக் கொல்லையிலும் மைதானத்திலும் பதுங்கு குழி வெட்டச் சொல்லி உத்தரவு. ஒரு ஆள் நின்றால் தலை மறைகிற ஆழம். நான்கு பக்கமும் வெட்டிய மண்ணின் அடுக்குகள் சுத்தமாகத் தெரியும். பயத்தோடு பயமாக எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷமும் இருந்தது. அதை வீட்டில் அக்காவிடம் மட்டும்தான் சொல்ல முடிந்தது.

"ஊரு பத்திக்கப்போவுதுன்னு அவனவன் ஓடுறான். நீ மண்ணு கெடைச்சுதுன்னு சிரிக்கிற" என்றாள். சொல்லிவிட்டு, பள்ளி ஆயாவிடம் கேட்டு ஒரு பை நிறையக் காலி மருந்துப் பாட்டில் வாங்கிவந்து கொடுத்ததும் அவள்தான்.

கல்லூரி முடிந்ததும் கிளம்புவேன். ராயப்பேட்டை, லஸ், மந்தைவெளி, அடையாற்றுக் கரை. குழிக்குள் இறங்கி எந்த ஆழத்தில் மணல், எந்த ஆழத்தில் களி என்று அளந்து, ஒவ்வொரு படிவிலும் ஒரு பாட்டில் மண் எடுத்து, இடத்தை ஊர் வரைபடத்தில் சிவப்பு மையால் குறித்துக்கொள்வேன். மணல் ஒரே சீராக இல்லை. கடலுக்கு இணையாக, வரப்பு வரப்பாக மேடு. மேட்டில் மணல், இரண்டு மேட்டுக்கு நடுவே கறுப்புக் களி. ஒவ்வொரு மேடும் ஒரு பழைய கடற்கரை என்று நினைத்தேன். அப்படியானால் மாட வீதிகளில் தேர் ஓடியது அலை போட்டுவைத்த மணலின் மேல்தான். நல்ல தண்ணீர் கிடைக்கிற கிணறுகளெல்லாம் அந்த மேட்டிலேயே இருந்தன. கோயிலும் குளமும் அக்கிரகாரமும் அங்கே வந்து உட்கார்ந்ததற்கு அது ஒரு காரணமாக இருக்கலாம். இதை அக்காவிடம் சொன்னபோது முதல் தடவையாக மறுக்காமல் கேட்டாள்.

மந்தைவெளியில் பூட்டிய வீடொன்றின் கொல்லைக் குழியில் இருந்தபோது மேலே நிழல் விழுந்தது. நிமிர்ந்தால் போலீஸ்காரர்.

"யார்ரா அது? இன்னா பண்ணிக்கினு கீற உள்ள?"

"மண்ணு எடுக்கிறேங்க."

"மண்ணா? யாருக்கு?"

ஆராய்ச்சி என்றேன். மேலே ஏறி வந்ததும் பையைத் திறந்து பார்த்தார். பாட்டில்கள். அளவு நாடா. அடியில் அந்தப் படம். மயிலாப்பூர் முழுக்க எங்கெங்கே பதுங்கு குழி இருக்கிறதென்று சிவப்பு மையில் குறிபோட்ட படம்.

"நைனா," என்றார் மிகவும் அமைதியாக, "சைக்கிளை உருட்டிக்கினு என் கூட வா."

ஸ்டேஷனில் இருந்த சப் இன்ஸ்பெக்டர் மயிலாப்பூர்க்காரர். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"இதை வச்சிண்டு ஒருத்தன் மேலேருந்து குண்டு போட்டா என்ன ஆகும்னு யோசிச்சேளா?"

அப்போதுதான் யோசித்தேன். வீட்டு விலாசம் சொன்னேன். ஆள் போய்ச் சொல்ல, அப்பா மாதா கோயில் ஜெபமாலைக்குப் போயிருந்ததால் அக்கா வந்தாள். பள்ளியிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தாள், புடவைத் தலைப்பில் சாக்பீஸ் தூள். ஸ்டேஷனுக்குள் ஒரு பெண் தனியாக நுழைந்ததில் அங்கிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள்.

அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பாட்டில்களை மேஜைமேல் வரிசையாக வைத்து, வகுப்பு நடத்துகிற குரலில் ஆரம்பித்தாள். இது கடற்கரை மணல், இது கழிமுகக் களி, இதனால் தெரிவது இது. நான் சாப்பாட்டு மேஜையில் சொன்ன வாதம் அத்தனையும், அவள் அடித்து நொறுக்கிய வாதம் அத்தனையும், ஒன்று விடாமல். கடைசியில், "நானே இதை ஒத்துக்கலைங்க சார். ஆனா இவன் ஒற்றன் இல்லை. ஒற்றனா இருந்தா பாட்டிலுக்கு லேபிள் இவ்வளவு ஒழுங்கா ஒட்டமாட்டான்" என்றாள்.

சப் இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. ஒரு பாட்டிலை எடுத்து ஆட்டினார். உள்ளே கிளிஞ்சல் கலகலத்தது.

"எங்காத்து டிரெஞ்சுலயும் இது நிறைய வந்துதே. சித்திரக்குளத்துக்கு மேற்கே இருக்கோம். ஆத்துல எல்லாரும் கும்பகோணம் போயாச்சு, நான் மாத்திரம்தான். வேணும்னா நாளைக்குக் கார்த்தால வந்து பாருங்கோ. ரெண்டு பேரும் வரலாம்." படத்தை மட்டும் மடித்துத் தன் இழுப்பறையில் வைத்துக்கொண்டார். "இது சண்டை முடிஞ்சப்பறம்."

மறுநாள் காலை போனோம். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்களோடு குழிக்குள் இறங்கினார். மேலே வெளிர் மணல். இடுப்புக்குக் கீழே வழவழப்பான கருங்களி, சேற்று நாற்றத்தோடு. அதற்குள் மட்டிச் சிப்பிகள். உடைந்த ஓடுகள் அல்ல. இரண்டு ஓடும் மூடியபடி, உயிரோடு இருந்தபோது எப்படிச் சேற்றில் நின்றனவோ அப்படியே நின்றுகொண்டிருந்தன. பேனாக்கத்தியால் ஒன்றைத் திறந்து காட்டினேன். உள்ளே களி அச்சாக இருந்தது.

"கொண்டுவந்து கொட்டினதா இருந்தா ஓடு தனித்தனியா, தாறுமாறாக் கிடக்கும்க்கா. இது இங்கேயே பிறந்து இங்கேயே செத்தது."

"அப்போ எங்காம் இருக்கற இடம்?"

"உப்பங்கழி சார். இங்க படகு போயிருக்கும்."

அவர் தன் வீட்டுத் துளசி மாடத்தைப் பார்த்தார், குழியைப் பார்த்தார். "சந்தியாவந்தனத்துக்கு எங்கப்பா சமுத்திரக் கரைக்கு நடந்து போவார். சமுத்திரம் கொல்லையிலேயே இருந்திருக்கு" என்றார். பிறகு உள்ளே போய் அவரே காப்பி கலந்துகொண்டு வந்தார். டம்ளரைத் துணியால் சுற்றிக் கொடுத்தார். நன்றாக இல்லை, ஆனால் நாங்கள் இரண்டாவது தடவையும் வாங்கிக் குடித்தோம்.

கச்சேரி ரோடு வழியாகத் திரும்பி நடந்தோம். சாந்தோம் நெருங்கியதும், "அப்ப வலை மாட்டுதுங்கறது?" என்றாள் அக்கா. எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன். அது உண்மை.

எங்கள் வீட்டில் அதுவரை குழி வெட்டவில்லை. குண்டு விழுவதானால் மாதா கோயில் மேல் விழாது, அதன் நிழலில்தானே இருக்கிறோம் என்று அப்பா தள்ளிப்போட்டு வந்தார். வான்தாக்குதல் பாதுகாப்பு வார்டன் இரண்டு முறை வந்து சத்தம் போட்ட பிறகு, அடையாற்றங்கரைக் குடிசைகளிலிருந்து ஒரு புருஷன் பெண்சாதி வேலைக்கு வந்தார்கள். அவர் வெட்ட, அந்த அம்மாள் கூடையில் வாரிக் கொட்டினாள். நான் பக்கத்திலேயே பாட்டிலோடு உட்கார்ந்திருந்தேன். மணல், மணல், மணல். பிறகு கடப்பாரை ணங்கென்றது.

"வாத்தியாரே, இங்க ஒரு கல்லு கீது. பெருசா கீது. அசைய மாட்டேங்குது."

அவர் பெண்சாதி குனிந்து கையால் மணலைத் தள்ளினாள். "கல்லு இல்ல மாமா. பூ போட்டு கீது பாரு."

சுற்றிலும் வெட்டி, கயிறு கட்டி, பக்கத்து வீட்டுக்காரர்களையும் கூப்பிட்டு அதை மேலே ஏற்றினோம். தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். நீலம் ஓடிய கருங்கல். பல்லாவரம் மலையில் அந்தக் கல்லின் துண்டுகளை எத்தனையோ முறை சுத்தியலால் தட்டியிருக்கிறேன். ஒரு பக்கத்தில் தாமரை இதழ் வரிசை, உளி தெரியாமல் இழைத்தது. மறுபக்கம் முனைகள் தேய்ந்து, அலையில் உருண்ட கூழாங்கல் போல மழுங்கியிருந்தன. இதழ்களுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. சுண்ணாம்பு என்று நினைத்து நகத்தால் சுரண்டினேன். சுண்ணாம்பு இல்லை, சிப்பி. கடல் பாறையில் ஒட்டி வளர்கிற சிப்பி.

மனிதன் செதுக்கிய பிறகு அந்தக் கல் கடலுக்குள் கிடந்திருக்கிறது. அதன் மேல் உயிர் வளர்கிற அளவுக்கு அங்கே கிடந்திருக்கிறது. பிறகு கடல் விலகி மணல் மூடியிருக்கிறது. அக்கா சொன்னதும் நடந்திருந்தது. என் உப்பங்கழி ஒரு காலம், அவள் கடல் அதற்கு வெகு பிந்திய இன்னொரு காலம்.

"அக்கா, வந்து பாரு. உன் கடல்" என்று கூப்பிட்டேன்.

அவள் வந்து, மணல் குவியல் மேலேயே உட்கார்ந்து, அந்தச் சிப்பிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். ஜெயித்துவிட்டதாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுத்த வாரம் தன் வகுப்பில் மிஞ்சியிருந்த பெண்களை வீட்டுக்கே அழைத்துவந்து காட்டினாள்.

செய்தி பரவியது. பங்குச் சாமியார் வந்து பார்த்துவிட்டு, "நம்ம பழைய கோயில் கல்லாத்தான் இருக்கணும்" என்றார். அன்று மாலையே சப் இன்ஸ்பெக்டர் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "எங்க பழைய கோயில் கல்லுன்னா இது" என்றார். எங்கள் பாஷையில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். இரண்டு பேரும் என்னைக் கேட்டார்கள். எந்த மலையிலிருந்து வந்த கல் என்று சொல்வேன், எந்தக் கோயிலுக்குப் போன கல் என்று என் படிப்பில் இல்லை என்று சொன்னேன். அப்பா அன்றைக்கு ரசம் கேட்கவில்லை. "யார் வந்தாலும் பார்க்கட்டும். கேட்டைப் பூட்டாதீங்க" என்றார்.

கல் குழியோரமே கிடந்தது. சில நாள் காலையில் அதன்மேல் மெழுகு உருகியிருக்கும். சில நாள் காலையில் அரளிப் பூ இருக்கும். யார் வைத்தது என்று நாங்கள் விசாரிக்கவில்லை. ஐப்பசி மழையில் குழி நிரம்பி, ஒரு பக்கக் கரை சரிந்து, கல்லும் மண்ணோடு உள்ளே இறங்கிவிட்டது. பயம் தணிந்து குழிகளை மூடச் சொன்னபோது, எடுக்கலாமா என்று கேட்டேன். "தானா போய்ப் படுத்திருக்கு. விடு" என்றார் அப்பா.

நானும் அக்காவும் சேர்ந்து அதை ஒரு கட்டுரையாக எழுதி, படத்தையும் நினைவிலிருந்து மறுபடி வரைந்தோம். யுத்த காலம் என்பதால் படம் போடக்கூடாது என்று தணிக்கையில் எடுத்துவிட்டார்கள். படமில்லாத நிலவியல் கட்டுரையாக, இருவர் பெயரோடும் அது அச்சானது. அப்பா இரண்டு முறை படித்து, ஒரு எழுத்துப் பிழை கண்டுபிடித்தார்.

சண்டை முடிந்த மறு வருஷம் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை தூத்துக்குடியில் வாத்தியார். ஊருக்குப் போவதற்கு முன் ஒரு சாயங்காலம், அடையாறு முகத்துவாரம் வரை நடக்கலாம் என்றாள். பெருமழை பெய்து ஓய்ந்திருந்தது. முகத்துவாரத்தை மணல் திட்டு அடைத்து, ஆறு ஏரி மாதிரி ததும்பி நின்றது. கரைக் குடிசைகளுக்குள் தண்ணீர் ஏறியிருந்ததால் ஆண்களும் பெண்களும் மண்வெட்டியோடு திட்டை வெட்டிக்கொண்டிருந்தார்கள். முழ அகலத்துக்கு ஒரு கால்வாய்தான். அதன் வழியே தண்ணீர் முதலில் தயங்கித் தயங்கிக் கசிந்தது. பிறகு கரை துண்டு துண்டாக விழ ஆரம்பித்தது.

"ஓரமா போங்கம்மா! பிச்சிக்கினு வருது!" என்று யாரோ கத்தினார்கள்.

நாங்கள் பின்னால் ஓடினோம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வாய்க்கால் ஆறாகிவிட்டது. செம்மண் தண்ணீர் அலையோடு மோதி மேலே எழும்பியது. வெட்டியவர்கள் மண்வெட்டியைத் தூக்கிப் பிடித்துக் கூவினார்கள். அக்கா புடவையை முழங்காலுக்கு மேல் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, சின்னப்பெண் போல அவர்களோடு சேர்ந்து கூவினாள். அவள் செருப்பு ஒன்று தண்ணீரோடு போய்விட்டது. வெறுங்காலோடு ஈர மணலில் சாந்தோம் வரை நடந்து வந்தோம். வழி நெடுக, கரை எந்தப் பக்கம் முதலில் சரிந்தது என்று இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டே வந்தோம்.