அத்தையின் வயிற்றில் கட்டி இல்லை

ஓவசியர் ஐயா, நீங்கள் மேடையில் ஏறிப் பொய் சொன்னீர்கள். போன கிழமை பாடசாலை மண்டபத்தில், வேலை தேடும் பிள்ளைகளுக்காக வைத்த கூட்டத்தில், மாலையைக் கழற்றாமலே சொன்னீர்கள்: "உடம்பைப் பேணி வந்த ஒருவரையும் நான் வேலையில்லை என்று திருப்பி அனுப்பியதில்லை." பிள்ளைகள் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. என் அத்தையை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அறுபதுகளின் கடைசி அது. ஒழிந்துவிட்டது என்று எல்லாரும் நம்பியிருந்த மலேரியா எங்கள் ஊர் உருத்திரபுரத்துக்குத் திரும்பி வந்திருந்தது. அத்தை என் அப்பாவின் அக்கா. கணவன் செத்த பிறகு எங்களோடு இருந்தார். தம்பி வீட்டுச் சோறு அவருக்குத் தொண்டையில் இறங்காது. குளக்கட்டில் மண் சுமக்கும் வேலை கிடைத்தால் சொந்த உழைப்பில் சாப்பிடலாம். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஆள் எடுக்கும் நாளில், வேலையை மேற்பார்க்கும் நீங்கள், வரிசையில் நிற்பவர்களின் வயிற்றை அமத்திப் பார்ப்பீர்கள். காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்தவர்களுக்கு இடது விலாவின் கீழே மண்ணீரல் வீங்கிக் கல்லுப்போல இருக்கும். காய்ச்சற்கட்டி என்போம். கட்டி உள்ள ஆள் வேலைக்கு நடுவில் நடுங்கிக்கொண்டு படுத்துவிடும் என்பீர்கள். அது சரிதான். ஆண்களைக் கையால் அமத்துவீர்கள், பெண்களைக் குடை நுனியால். அத்தையின் விலாவடியில் குடை நின்றது.

"கட்டி. அடுத்த ஆள் வா."

அத்தை அழவில்லை. நேரே ஆஸ்பத்திரி அப்போதிக்கரியிடம் போய்க் காய்ச்சல் மருந்துக் குளிசை வாங்கி வந்தார். அந்தக் கைப்பு நாக்கை விட்டுப் போகாது. நடுக்கம் நின்றதும் ஊரே மிச்சக் குளிசையை வேலிக்கு மேலால் எறிந்தது. என் அம்மாவும் எறிந்தார். அத்தை கடைசிக் குளிசை வரை விழுங்கினார். கிணற்றடியில் தண்ணீர் தேங்கும் பள்ளங்களை மண் போட்டு மூடினார். பொழுதுபட வேப்பிலைப் புகை போட்டார். குரக்கன் பிட்டு, முருங்கையிலை, பூநகரியிலிருந்து வரும் மீன் என்று முகம் சுளிக்காமல் சாப்பிட்டார். விடியற்காலையில் பனையோலைக் கடகத்தில் மண்ணை நிரப்பித் தலையில் வைத்துக்கொண்டு வளவைச் சுற்றி நடந்தார்.

வேலிக்கு அந்தப் பக்கத்து மனுசிக்கு இது நல்ல பம்பல்.

"என்ன அக்கா, ரெண்டாந் தாலிக்கோ உடம்பு தேத்திறியள்?"

"ஓம். மாப்பிள்ளை குளக்கட்டு. நல்ல நீட்டான ஆள்."

அடுத்த முறை ஆள் எடுத்தபோது, சின்னப் பிள்ளையான நானும் அத்தையின் பின்னால் போனேன். நீங்கள் குடையால் குத்தினீர்கள். ஒன்றும் தட்டுப்படவில்லை. மறுபடியும் குத்தினீர்கள்.

"குடையாலை என்ன தெரியும், ஐயா? கையாலை வடிவா அமத்திப் பாருங்கோ."

வரிசை சிரித்தது. கையால் அமத்தினீர்கள். கட்டி இல்லை. உங்கள் முகம் கறுத்தது.

"ஆள் காணும், இனி வேண்டாம். நீ போ."

அவருக்கு அடுத்து நின்ற பெண்ணின் வயிறு கட்டியால் புடைத்திருந்தது. அவளைக் குடையாலும் தொடாமல் எடுத்தீர்கள். அதற்கு முந்தின கிழமை அவள் ஒரு சேவலோடு உங்கள் வீட்டுப் படலையைத் திறந்து போனதை நான் கண்டிருந்தேன். ஓவசியர் ஐயாவுக்குச் சேவல் வளர்க்க ஆசை என்று நினைத்தேன்.

அத்தை வீட்டுக்குத் திரும்பவில்லை. குளக்கட்டடியில் ஒரு மருதமர நிழலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியானம் ஆகமுதலே அந்தப் பெண்ணுக்கு நடுக்கம் தொடங்கிவிட்டது. பல்லோடு பல் அடிக்க மண்ணிலே குந்திவிட்டாள். வேலையை விட்டால் அன்றைய கூலி இல்லை.

"எழும்பு பிள்ளை. நீ நிழலிலை இரு" என்றார் அத்தை. சேலையைச் சுருட்டிச் சும்மாடு வைத்து, அவளுடைய கடகத்தைத் தூக்கித் தலையில் ஏற்றினார்.

நான் இன்றுவரை அப்படி ஒன்றைக் காணவில்லை. ஈரக்களி நிரம்பிய கடகம். அத்தை கையால் பிடிக்கவே இல்லை. கழுத்து நிமிர்ந்தபடி, கை இரண்டும் வீசியபடி, வழுக்கும் சரிவில் ஒரே மூச்சில் ஏறினார். கொட்டினார், இறங்கினார், திரும்ப ஏறினார். மற்றவர்கள் இளைத்து நின்ற இடத்தில் அவர் கதைத்துக்கொண்டு போனார். மண்வெட்டிக்காரர் வெட்டுவதை விட்டுப் பார்த்தார்கள். கட்டே அவருக்காகத் தாழ்ந்து கொடுக்கிறது என்று எனக்குப் பட்டது. பின்னேரம் வரை நீங்களும் பார்த்துக்கொண்டுதான் நின்றீர்கள். கூலியை அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தீர்கள்.

அன்று இரவு அம்மா சோறு போட்டார். அத்தை சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்தார்.

"பசிக்கேல்லை."

அம்மா குசினிக்குள் போய் முகத்தைத் துடைத்தார். புகை என்று நினைத்தேன். உடம்பு அவ்வளவு உரமாகிவிட்டால் மனிதருக்குப் பசியே வராதாக்கும் என்றும் நினைத்தேன். அத்தையைப் போல வரவேண்டும் என்று நானும் பாதிச் சோற்றை மிச்சம் விட்டேன்.

ஓவசியர் ஐயா, அந்த மண்டபத்துக்குத் திரும்ப வாருங்கள். அந்தப் பிள்ளைகளையும் கூப்பிடுவோம். உங்கள் கையாலேயே அமத்திப் பார்த்தீர்கள். கட்டி இருந்ததா, இல்லையா? இல்லையென்றால் அவரை ஏன் போகச் சொன்னீர்கள்? என்னிடம் தனியாகச் சொல்ல வேண்டாம். அவர்கள் எல்லாருக்கும் கேட்கச் சொல்லுங்கள்.