அண்ணன் ஓட்டுக்கு நின்ன வருஷம்

எண்பத்தொன்பதாம் வருஷப் பொங்கலுக்கு எங்க வூட்டுல பொங்கப்பானை வைக்கல. எங்க வூட்டுக்காரரும் எங்கண்ணனும் முகம் பாத்துப் பேசி ரெண்டு மாசம் ஆயிருந்துச்சு. ஒருத்தர் தாலி கட்டினவர், இன்னொருத்தர் கூடப் பொறந்தவர். நடுவுல கெடந்து நான் செத்தேன்.

எங்கண்ணன் லூர்துசாமி பதினேழு வருஷம் பட்டாளத்துல இருந்தவருங்க. பனிமலையில டூட்டி பாத்ததுல இடது கால்ல ரெண்டு விரல் போயிருச்சு. ஹவில்தாரா ரிட்டையர் ஆகி ஊருக்கு வந்தார். கம்பைநல்லூர் பக்கம் எங்க ஊரு. மழை பேஞ்சா ஆத்தைத் தாண்ட முடியாது. அண்ணன் வந்த வருஷமே, பிரசவ வலி வந்த ஒரு பொண்ணைக் கட்டில்ல வச்சுத் தூக்கிட்டுப் போனாங்க. தண்ணி வடியறதுக்குள்ள அது இக்கரையிலயே செத்துப் போச்சு. கட்டிலோட ஒரு காலைப் பிடிச்சிருந்தது எங்கண்ணன்தான். அன்னையில இருந்து பாலம் வேணும்னு ஆபீஸ் ஆபீஸா ஏறி எறங்கினார். ஒண்ணும் நடக்கல. கடைசியில சட்டசபைக்குச் சுயேச்சையா நிக்கறேன்னு மனு போட்டுட்டார்.

எங்க வூட்டுக்காரர் ரொம்ப வருஷமா ஒரு கட்சியில கிளைச் செயலாளர். "எங்க ஊரு ஓட்டு ஒண்ணுகூட வெளிய போகாது"ன்னு மேல வாக்குக் குடுத்திருந்தார். சொந்த மச்சானே எதுத்து நின்னா சும்மா இருப்பாரா?

"உங்கண்ணன் எம் மூஞ்சியில கரியைப் பூசிட்டாரு. எலெக்‌ஷன் முடியற வரைக்கும் அந்த வாசப்படிய நீ மிதிக்கக் கூடாது" அப்படின்னுட்டார். அண்ணன் வூடு அதே தெருவுல, ஆறு வூடு தள்ளி.

அண்ணனுக்கு ஜீப் கெடையாது. அந்தக் காலை வச்சிக்கிட்டு சைக்கிள்லயே ஊர் ஊராப் போவார். தையல் மெஷின் சின்னம் குடுத்திருந்தாங்க. பட்டாளத்தாருக்குத் தையல் மெஷினான்னு சிரிச்சாங்க. "கிழிஞ்சதைத் தைக்கத்தானுங்க வந்திருக்கேன்"னு அவரும் சிரிப்பார். யாரையும் ஒரு வார்த்தை தப்பாப் பேச மாட்டார். எங்க வூட்டைத் தாண்டும்போது சைக்கிளை விட்டு எறங்கி, எங்க வூட்டுக்காரருக்கு ஒரு கும்பிடு போட்டுட்டுத்தான் போவார். இவர் மூஞ்சியைத் திருப்பிக்குவார். நான் ஜன்னலோரம் நின்னு அழுவேன்.

ஓட்டுப் போடறதுக்குப் பத்து நாள் முன்னாடி, எங்க கொழுந்தன் சேவியர் கூட்டாளிங்ககிட்டச் சொன்னதை என் காதால கேட்டேன். "ஓட்டு அன்னைக்குப் பட்டாளத்தாரை ஒரு கை பாத்துரலாம்." யார்கிட்டச் சொல்றது? சொன்னா அன்னைக்கே வெட்டுக்குத்து ஆயிரும்.

மாதா கோயிலுக்குத்தான் ஓடினேன். ஒம்பது நாள் முழங்கால்ல நின்னேன். "அம்மா, யாரு ஜெயிச்சாலும் எனக்கு ஒண்ணுதான். ஒரு சொட்டு ரத்தம் மண்ணுல விழாம பாத்துக்கங்க. என் பொறந்த வூட்டையும் புகுந்த வூட்டையும் பிரிச்சுடாதீங்க." இதைத் தவிர வேற ஜெபம் எனக்கு வரல.

ஓட்டு அன்னைக்கு ஸ்கூல்ல பொம்பளைங்க க்யூவுல நின்னுட்டிருந்தேன். உச்சி வெயில். வாசல் கேட்டுல ரெண்டு பக்கத்து ஆளுங்களுக்கும் வாய்த் தகராறு. அண்ணன் விலக்கி விடப் போனார். எங்கிருந்தோ ஒரு கல்லு. அவர் நெத்தி பொளந்து சட்டையெல்லாம் ரத்தம்.

மாதா என்னைக் கைவிட்டுட்டாங்கன்னுதான் நெனச்சேன். கையில இருந்த செபமாலை கீழ விழுந்துருச்சு.

அண்ணன் பக்கத்து ஆளுங்க தடியைத் தூக்கிட்டாங்க. அப்ப அவர் போட்டாரு பாருங்க ஒரு சத்தம்!

"நில்லு! ஒருத்தன் காலும் நகரக் கூடாது!"

அத்தனை பேரும் அப்படியே நின்னாங்க. துண்டை நெத்தியில அழுத்திக்கிட்டு அண்ணன் நேரா, கேட்டுக்கு அந்தப் பக்கம் கட்சி ஆளுங்களோட நின்ன எங்க வூட்டுக்காரர்கிட்ட நடந்தார். அடிக்கத்தான் போறார்னு நான் கண்ணை மூடிக்கிட்டேன்.

"மாப்ள, பொம்பளைங்க பயந்து நிக்கறாங்க. வாங்க, நாம ரெண்டு பேரும் கேட்டுல நின்னு வரிசையைப் பாத்துக்கலாம்."

போலீஸ்காரர் ஓடி வந்தார். "யாருங்க எறிஞ்சது? சொல்லுங்க, கேஸ் எழுதிரலாம்."

"கவனிக்கலைங்க" அப்படின்னார் அண்ணன்.

கவனிச்சிருந்தார். எறிஞ்சது சேவியர். அவனுக்கு அப்பத்தான் பஸ்ல கண்டக்டர் வேலைக்கு ஆர்டர் வந்திருந்துச்சு. கேஸுன்னு ஒண்ணு விழுந்திருந்தா அந்த வேலை போயிருக்கும். எங்க வூட்டுக்காரருக்கும் இது தெரியும். அவர் அண்ணன் பக்கத்துல போய் நின்னார். ஓட்டு முடியற வரைக்கும் ரெண்டு பேரும் அந்தக் கேட்டை விட்டு நகரல.

சாயந்திரம் வூட்டுக்கு வந்த எங்க வூட்டுக்காரர், "மச்சானுக்கு நாலு தையல் போட்டிருக்காங்க. கோழி அடிச்சுக் கொழம்பு வையி, நானே கொண்டு போறேன்" அப்படின்னார். சேவியரையும் கூட இழுத்துட்டுப் போனார். அங்க அவன் அண்ணன் கால்ல விழுந்து அழுதானாம். "எந்திரிடா, சோறு ஆறுது"ன்னாராம் அண்ணன்.

அண்ணன் ஜெயிக்கலைங்க, மூணாவதா வந்தார். எண்ணி முடிச்சதும், ஜெயிச்சவருக்குக் கை குடுத்துட்டு வூட்டுக்கு வந்து மாட்டுக்குத் தண்ணி காட்டினார். பாலம் வர்றதுக்கு அதுக்கப்புறமும் பல வருஷம் அலைய வேண்டியிருந்துச்சு. மாமனும் மச்சானும் ஒரே சைக்கிள்ல அலைஞ்சாங்க. கோயில் பக்கமே வராத எங்க வூட்டுக்காரர் அந்த வருஷத்துல இருந்து ஞாயித்துக்கிழமைப் பூசையை விட்டதில்ல.

நான் கேட்டபடி நடக்கலைங்க, கேட்டதுக்கு மேல நடந்துச்சு. கல்லு வராம மாதா தடுத்திருந்தா பகை உள்ளுக்குள்ளயே இருந்திருக்கும். கல்லு வாங்கியும் கை ஓங்காத ஒரு மனுஷனை எங்க நடுவுல நிறுத்தினாங்க பாருங்க, அதுதான் எனக்குக் கெடைச்ச வரம்.

உங்க வூட்டுலயும் பேசாம இருக்கறவங்க இருப்பாங்க. சுவத்தைப் பாத்து அழாதீங்க தாயிங்களா, ஆண்டவர்கிட்ட வந்து அழுங்க. எப்படிச் சரி பண்ணணும்னு மட்டும் அவருக்கு வழி சொல்லாதீங்க. அவருக்குத் தெரியும். அவருக்கும் மாதாவுக்கும் என் உசுரு உள்ள மட்டும் நன்றி.