பஸ்ஸை நிறுத்திய பட்டாம்பூச்சி

கல்வராயன் மலை ஓடையோரம் கோடை வெயிலில் காலையெல்லாம் நடந்தேன். ஒரு தும்பியோ பட்டாம்பூச்சியோ நான் படமெடுக்கும்வரை உட்காரவில்லை. அலுத்துப்போய்க் கள்ளக்குறிச்சி பஸ் ஏறினேன். டிரைவருக்கு முறுக்கிய மீசை. வழியில் யாராவது கை காட்டினால் வேகத்தைக் கூட்டுவார்.

பாதி மலையில் இன்ஜின் சூடாகிவிட்டது. குடத்தோடு ஓடைக்குப் போன டிரைவர் திரும்பவேயில்லை. நாங்கள் இறங்கிப் போய்ப் பார்த்தோம். வியர்த்த புறங்கையில் நீலப் பட்டாம்பூச்சி ஒன்று உட்கார்ந்து வியர்வையை உறிஞ்சிக்கொண்டிருக்க, கையை நீட்டியபடி அசையாமல் நின்றார்.

"வாண்ணே, லேட்டாவுது" என்றார் கண்டக்டர்.

"குடிச்சிக்கினு இருக்குது. கம்முனு இரு."

கூடையோடு வந்த பெண்ணுக்குப் பொறுக்கவில்லை. "நேத்து நான் அந்தக் கத்து கத்தினேன், நிக்காம பூட்டீங்க. இதுக்கு மட்டும் நிப்பீங்களா?"

"நீ கத்தினே. இது கத்தலியே."

அது தானாகப் பறந்த பிறகே பஸ் கிளம்பியது. கள்ளக்குறிச்சியில் டைம்கீப்பர் பிடித்துக்கொண்டார். "ஏன்யா இவ்ளோ லேட்டு?"

"ஒருத்தரு தண்ணி குடிச்சிக்கினு இருந்தாருங்க" என்றார் டிரைவர், முகம் மாறாமல்.

மலை இறங்கும்வரை பயணிகளில் யாரைப் பற்றியும் அவர் அத்தனை மரியாதையாகப் பேசி நான் கேட்கவில்லை.